மாத்திரை நாளில் எடையும் பாருங்கள்

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்களுக்கு,



சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை உங்கள் நிலையத்துக்கு வருகிற முதியவர்களைப் பற்றியது இந்த மடல். அவர்களில் சிலர் காசநோயோடு வரிசையில் நின்று, மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, காசநோயோடே வீடு திரும்புகிறார்கள். அடுத்த மாதமும் அப்படியே. ஒருநாள் மூச்சு திணறி, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் முதன்முதலாக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. நோய் என்னவென்று தெரிகிற நேரத்தில் அவர்களால் பிறர் துணையில்லாமல் எழுந்து நிற்கக்கூட முடிவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் மருத்துவத்தின் கண்ணில் படாதவர்கள் அல்ல. உங்கள் பதிவேட்டில் பெயரும் அட்டை எண்ணும் உள்ளவர்கள்.

காலையில் உங்கள் மேசை முன் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பதும், ஒரு முகத்துக்கு உங்களால் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பதும் ஊருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் இந்த வேண்டுகோள் உங்களிடம் வருகிறது. ஏனென்றால் இந்தத் தாமதத்தை முதலில் உடைக்கக்கூடிய இடம் உங்கள் நிலையம்தான். மாவட்டத் தலைமையகமோ மருத்துவக் கல்லூரியோ அந்த முதியவரைப் பார்ப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

முதியவரின் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. இருமலா? பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரில் வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது நீங்கள் படித்ததுதான். மாத்திரையை மாற்றிப் பார்க்கிறீர்கள். இளைத்துவிட்டாரா? சுகர்க்காரர் இளைக்கத்தான் செய்வார். பசி இல்லையா? மெட்ஃபார்மின் பசியைக் குறைக்கும். மூச்சு வாங்குகிறதா? நாற்பது வருடம் பீடி குடித்தவர், அல்லது விறகடுப்பின் முன் உட்கார்ந்தே வாழ்ந்தவர். சோர்வா? எழுபது வயதில் சோர்வு இல்லாமல் இருக்குமா? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்தும் ஒரே உடம்பில், ஒரே மூன்று மாதத்தில் வந்திருக்கின்றன என்பதை உட்கார்ந்து கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். “வயசானா இளைக்கத்தானே செய்யும்” என்கிறாள் மருமகள். பாட்டியும் அதையே சொல்கிறாள். கையில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறுகிறது. மோதிரம் நழுவுகிறது என்று கழற்றிப் பெட்டியில் வைக்கிறாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொள்கிறாள். தாத்தா வேட்டியை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டுகிறார். எடைக்கருவி இல்லாத வீட்டில் இவைதான் எடைக்கருவி. ஆனால் மாத்திரை வாங்க வரும் இடத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

காசநோய் முதுமையில் பாடப்புத்தகத்தின் முகத்தோடு வருவதில்லை என்பதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இருமலில் வலு இருக்காது. மாலைக் காய்ச்சல் வராமலே போகலாம். இரத்தம் துப்புவது இளைஞர்களைவிடக் குறைவு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் பகுதியில் தேடுகிற நிழல் கீழ்ப்பகுதியில் கிடக்கலாம். நிமோனியா என்று தோன்றும். சிலருக்குச் சோற்றைக் கண்டால் வெறுப்பு, நிதானமில்லாத பேச்சு, படுக்கையை விட்டு எழ மனமில்லாமை, இவ்வளவுதான் அடையாளம். இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை என்ற விதி பல பத்தாண்டுகளாக நமக்கு நல்ல சேவை செய்திருக்கிறது. அந்த விதி இருமுகிறவரைப் பிடிக்கும். இருமத் தெம்பில்லாதவரை விட்டுவிடும்.

நாடு முழுக்க 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு இதைத்தான் எண்ணிக்கையாகச் சொன்னது. அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. போகாததற்கு அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்பது. அறிகுறியை மட்டும் கேட்டு, எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள். 55 வயதைத் தாண்டியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் உடல் மெலிந்தவர்களிடமும் காசநோய் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இந்த மூன்று குணமும் சேர்ந்த ஒருவரைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். உங்கள் தொற்றா நோய்ப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

சர்க்கரைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இங்கே காசநோய்ச் சிகிச்சையில் இருந்தவர்களைப் பரிசோதித்து 2012-இல் வெளியான ஆய்வு, அவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் காட்டியது. அதன் பிறகு காசநோயாளிகளுக்குச் சர்க்கரை பார்ப்பது வழக்கமாகிவிட்டது, நல்லது. ஆனால் எதிர்த் திசையில், சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது அதே உறுதியோடு நடக்கவில்லை. முதியவர் விஷயத்தில் தேவைப்படுவது இந்த இரண்டாவதுதான்.

உங்களிடம் வருவதற்கு முன் அவர் எங்கெல்லாம் போயிருப்பார் என்பதையும் பேசியாக வேண்டும். முதலில் மெடிக்கல் ஷாப்; ஒரு பாட்டில் இருமல் மருந்து. பிறகு மாலையில் மட்டும் திறக்கும் தனியார் கிளினிக். ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு லீவோஃப்ளாக்சசின். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். ஒரு வாரம் உடம்பு தேறியதுபோல இருக்கும், “மருந்து கேட்டுடுச்சு” என்று வீடு நிம்மதியாகும். கிருமி சாகாது, தற்காலிகமாக அடங்கும். அடுத்த முறை சளியை ஆய்வுக்கு அனுப்பினாலும் பிடிபடாமல் போக வாய்ப்புண்டு. மூச்சு இழுப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் உள்ளே இருக்கும் நோய்க்கு அது வழிதிறந்து விட்டதாக ஆகும். ஆகவே ஒரு முதியவரின் நெஞ்சுச் சளிக்கு லீவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினலோன் எழுதப் பேனாவை எடுக்கும் முன், சளி மாதிரி ஆய்வகத்துக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். உங்கள் பகுதியில் தனியாராக மருத்துவம் பார்ப்பவர்களிடமும் இதை நீங்கள்தான் சொல்ல முடியும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இந்த மாநிலத்துக்குக் காசநோயில் ஒரு பெருமை உண்டு. 1928-இல் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொடுத்து மாதக்கணக்கில் படுக்க வைப்பதே சிகிச்சை. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினருக்கு நெரிசலான ஏழை வீடுகளிலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள்; வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் கதவை மூட வைத்தது. சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் நம்முடையது. நோயைக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் இன்னும் முதியவர் நம்மிடம் வரட்டும் என்று காத்திருக்கிறது.

அந்தக் காத்திருப்புக்கு இப்போது காரணமே இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாதம் தவறாமல் முதியவரின் வாசலுக்குப் போகிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். மகன் திருப்பூரிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியை மாதாமாதம் நேரில் பார்க்கிற ஒரே ஆள் சில வீடுகளில் அந்தத் தன்னார்வலர்தான். போன மாதம் வாசல்வரை வந்து பேசியவர் இந்த மாதம் கட்டிலிலிருந்து எழவில்லை என்பதை மாவட்டத்தின் எந்தக் கணினிக்கும் முன்னால் அறிபவர் அவர். அவருக்கு நீங்கள் ஒரு கேள்விகூடக் கற்றுக்கொடுக்காவிட்டால் அந்த அறிவு வீணாகிறது.

2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ உங்களுக்கு நன்றாகத் தெரியும். காசநோய் உறுதியானவுடன் ஒவ்வொருவருக்கும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு பார்க்கிறீர்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறீர்கள். ஆபத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறீர்கள். ஒரு மாநிலம் முழுவதும் இப்படிச் செய்தது இந்தியாவில் இதுவே முதல்முறை. ஸ்கேன் வேண்டாம், நிபுணர் வேண்டாம். ஒரு எடைக்கருவி, ஒரு அளவு நாடா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி போதும். உயிரைக் காக்கிற திட்டம் இது என்பதில் ஐயமில்லை.

உங்களிடம் கேட்பது, அந்த அளவுகளில் முதலாவதை நோய் தெரிந்த பிறகு எடுக்காமல் நோய் தெரிவதற்கு முன்பே எடுங்கள் என்பது. ஒரு முதியவருக்கு உடல் நிறை குறியீடு 14 ஆகிவிட்டது என்று நோய் உறுதியான அன்று கண்டுபிடித்தால், அது 18-இலிருந்து 14-க்கு இறங்கிய எல்லா மாதமும் அவர் நம் பதிவேட்டில் இருந்தார் என்றுதான் பொருள். அந்த மாதங்களில் ஒன்றிலாவது அவரை யாராவது எடைக்கருவியில் நிற்க வைத்திருந்தால்?

எடையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இருமலை முதியவர் மறைக்கலாம், மறக்கலாம், பழகிப்போய்ச் சொல்லாமல் விடலாம். எடை அப்படி ஏமாற்றாது. முயற்சி ஏதும் இல்லாமல் ஆறு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை குறைந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட எல்லை. 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோ. வெறும் கண்ணுக்கு அது தெரியாது, தாளில் எழுதி ஒப்பிட்டால் தெரியும். காரணம் காசநோயாக இல்லாமல் புற்றுநோயாகவோ தைராய்டாகவோ கட்டுப்படாத சர்க்கரையாகவோ இருந்தாலும், தேடியது நட்டமில்லை. எடை சிகிச்சையின் போதும் பேசும். ஜார்க்கண்டில் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. தேய்ந்துபோன உடம்போடு சிகிச்சைக்கு வருகிறவர் எதை இழந்து வருகிறார் என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

எடை குறைந்தது தெரிந்த பிறகு நடப்பது சரியில்லை என்றால் இதுவரை சொன்னது எதுவும் பயன்படாது. நிலையத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே, மூடிபோட்ட சிறு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மூதாட்டியைப் பாருங்கள். “சளி துப்பிட்டு வாங்க பாட்டி” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு முறை தொண்டையைச் செருமுகிறார், சுற்றும் முற்றும் பார்த்துக் கூச்சப்படுகிறார், கடைசியில் உமிழ்நீரைத் துப்பி மூடியை மூடுகிறார். இரண்டு நாளில் “கிருமி இல்லை” என்று முடிவு வருகிறது. அந்த முடிவு உமிழ்நீருக்கு உரியது. நுரையீரலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. செவிலியர் ஒருவர் ஐந்து நிமிடம் கூடவே நின்று, பல்செட்டைக் கழற்றி வாயைக் கொப்பளிக்க வைத்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லிக்கொடுத்தால் நுரையீரலின் சளியே கிடைக்கும். காலையில் எழுந்ததும் எடுக்கிற சளி இன்னும் நல்லது. அதை நுண்ணோக்கிக்கு மட்டும் அனுப்பி நிறுத்தாமல், ட்ரூநாட் அல்லது ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மூலக்கூறு பரிசோதனைக் கருவிக்கு அனுப்புங்கள். சளியில் கிருமி குறைவாக இருக்கும் முதியவருக்கு நுண்ணோக்கி போதாது.

எக்ஸ்ரேயின் கதை இன்னும் வேதனையானது. “வட்டார ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துட்டு வாங்க” என்று நீங்கள் எழுதுகிற ஒரு வரி, முதியவருக்கு இரண்டு பேருந்து, கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். சாதாரணப் பேருந்தில் பாட்டிக்குக் கட்டணம் இல்லை, தாத்தாவுக்கு உண்டு. போன நாளில் எக்ஸ்ரே டெக்னீஷியன் விடுப்பு என்றால் மறுபடியும் போக மாட்டார்கள். பரிந்துரைச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு அங்கேயே இருக்கும். போகாதவரைப் பற்றிய கேள்வி யாரிடமிருந்தும் வராது, ஏனென்றால் போனவர்களின் பட்டியல்தான் நம்மிடம் இருக்கிறது. 2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் தனியாகக் குறிவைத்து, கையடக்க எக்ஸ்ரே கருவிகளை ஊருக்குள் கொண்டுபோனார்கள். இயக்கம் முடிந்ததும் முதியவர்களுக்கு வயது நின்றுவிடவில்லை. அந்தக் கருவி உங்கள் நிலையத்துக்கு மாதம் ஒரு நாள், அதுவும் மாத்திரை கொடுக்கும் நாளில் வர வேண்டும் என்று மாவட்டக் காசநோய் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அட்டவணை மாறும்.

“இந்த வயசில் ஆறு மாத மருந்தை உடம்பு தாங்குமா” என்ற தயக்கம் உங்களில் பலருக்கு உண்டு. நியாயமான தயக்கம். முதியவரின் கல்லீரலுக்கு ஆபத்து அதிகம். எத்தாம்புட்டால் கண்பார்வையைப் பாதிக்கலாம். ரிஃபாம்பிசின், அம்லோடிபினின் வேலையையும் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையையும் குறைத்துவிடும். ஆனால் இவை எல்லாம் கவனித்துச் சமாளிக்கக்கூடியவை. எடைக்கேற்ற அளவு, கல்லீரல் பரிசோதனை, அடிக்கடி பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது ஆகியவை வேண்டும். அவருடைய சுகர் மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் ஒரே கையால் எழுதுகிறவர் நீங்கள் என்பதால், இதை உங்களைவிடச் சரியாகக் கவனிக்க யாராலும் முடியாது. தயங்கித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மருந்தைத் தாங்கும் சக்தியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டே போகிறது.

அவர் தனி ஆளும் அல்ல. பகலெல்லாம் பேரக்குழந்தை அவர் மடியில்தான் கிடக்கிறது. தாய் வேலைக்குப் போயிருக்கிறாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காசநோய் தொற்றினால் மூளை வரை போகக்கூடும். தாத்தாவின் நோய் மூன்று மாதம் தெரியாமல் இருந்தது என்றால், அந்தக் குழந்தை மூன்று மாதம் அந்தக் காற்றைச் சுவாசித்தது என்று பொருள்.

ஜப்பானைக் கவனியுங்கள். அங்கே காசநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது; 2021-இல் புதிய நோயாளிகள் ஒரு லட்சத்துக்குப் பத்துக்கும் கீழே போனார்கள். மிஞ்சியிருக்கிற நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுபதைத் தாண்டியவர்கள். 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நோய் குறையக் குறைய அது தங்குமிடமாக முதியவர்களின் நெஞ்சைத்தான் தேடும். இன்று உங்கள் நிலையத்தில் உண்டாக்குகிற பழக்கம் இன்னும் இருபது வருடத்துக்குத் தேவைப்படும்.

மேலிடத்துக்கும் உங்கள் வழியாக ஒரு வார்த்தை. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் இந்த மாநிலம் சும்மா இருப்பதில்லை. எந்த மணிக்கு வலி வந்தது, எந்த மணிக்கு வண்டி வந்தது, எங்கே தாமதம் என்று ஒவ்வொரு மரணத்தையும் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். தாய் இறப்பு குறைந்ததில் அந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், அவர் கடைசி ஆறு மாதத்தில் எத்தனை முறை நம் மருத்துவ அமைப்பின் வாசலை மிதித்தார், ஒவ்வொரு முறையும் எதற்காகத் திரும்பி அனுப்பப்பட்டார் என்று யாரும் கேட்பதில்லை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை சளி எடுத்தீர்கள், எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். எத்தனை நாள் தாமதம் என்று கேட்பதில்லை. கேட்காத எண்ணை யாரும் குறைக்க மாட்டார்கள். யாரையும் தண்டிக்க அல்ல, எந்த வாசலில் கோட்டை விட்டோம் என்று தெரிந்துகொள்ளவாவது இந்தக் கேள்வி அந்தக் கூட்டத்தில் எழ வேண்டும். மேலே இருப்பவர்கள் கேட்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் நிலையத்தில் போன வருடம் காசநோய் உறுதியான முதியவர்களின் பெயர்களை எடுத்து, தொற்றா நோய்ப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு மதியம் போதும்.

வேண்டுகோள் இதுதான். அடுத்த மாத மாத்திரை நாளிலிருந்து அறுபதைக் கடந்த ஒவ்வொருவரின் எடையையும் அவருடைய அட்டையிலேயே எழுதுங்கள். தன்னார்வலரின் பையில் பிரஷர் கருவியோடு எடைக்கருவியும் இருக்கட்டும். வாங்கித் தரும்வரை அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கு வைத்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நிற்க முடியாதவரிடம் வளையலும் வேட்டியும் தளர்ந்தனவா என்று கேட்கச் சொல்லுங்கள். போன மாதத்தைவிட எடை இறங்கிக்கொண்டே வந்தால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எக்ஸ்ரேக்கும் மூலக்கூறு சளிப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். அனுப்பியவர் போனாரா என்று ஒரு வாரத்துக்குள் தன்னார்வலரைவிட்டுக் கேளுங்கள். போகவில்லை என்றால், அவரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நிலையத்தின் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.